நைனாவின் சீமை வண்டியை உதைத்தது யார்?

என் நைனாவுக்கு,

கன்னத்துக்கு ஒரு முத்தம், கேட்பதற்கு நிறையக் கேள்விகள். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் போட்டோவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் பேசிக்கொண்டிருந்ததை இப்போது எழுதுகிறேன், அதுவும் ஊரே படிக்கிற மாதிரி. எதற்கு ஊரைக் கூட்டுகிறாய் என்று மீசையை முறுக்காதே. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா நன்றாக இருக்கிறாள். பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்கிறாள், அட்டையைப் பார்த்தால் மாத்திரை அப்படியே இருக்கிறது. தம்பி சேகருக்கு மணலியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. என் மகள் உன் ஹெல்மெட்டுக்குள் பொம்மைக்குப் படுக்கை போட்டிருக்கிறாள். நான் அதே திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில்தான் இருக்கிறேன். வருகிற பெட்டிகளின் சீல் முத்திரையை யாராவது உடைத்தார்களா, உடைத்துவிட்டு வேறு மாட்டினார்களா என்று பார்க்கிற அதே வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று கிண்டல் செய்வாயே, அது இன்னும் மாறவில்லை.

மாறியது ஒன்றுதான். அம்மா திடீரென்று, வருஷ திதிக்குள் உன் மோட்டார் சைக்கிள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றாள். சேகர் உடனே அண்ணாநகரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். பழைய வண்டிகளை வாங்கிப் பளபளவென்று துடைத்து ஹாலில் நிறுத்திவைக்கிற மனுஷராம். இவ்வளவு சீக்கிரம் ஆள் எப்படிக் கிடைத்தான், ஏற்கெனவே பேசிவைத்தானா என்று எனக்கு முதல் சந்தேகம் சேகர் மேல்தான் வந்தது. அவன் அம்மாவைக் கைகாட்டினான். அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அது கொட்டாய்ல கீற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது."

ஏன் என்று கேட்டேன். கத்திரிக்காய் மட்டும் பொடிப்பொடியாக விழுந்தது. அது நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அதைச் சக்களத்தி என்று சொல்வதுண்டு, ஆனால் அது சிரித்துக்கொண்டே சொல்வது. இந்தச் சொல்லில் சிரிப்பு இல்லை. எனக்கோ அந்த வண்டி இல்லாத கொட்டகையை நினைத்தாலே நீ இன்னொரு தரம் செத்துப்போகிற மாதிரி இருந்தது. அதனால் ஒரு பந்தயம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவதற்குள் வண்டி கிளம்பினால் விற்கக் கூடாது, கிளம்பாவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். அம்மா சரி என்றாள். நீ போனதிலிருந்து அது ஒருவர் காலுக்கும் மசியவில்லை என்ற தைரியம் அவளுக்கு.

உன் வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன், உதைத்ததுதான் இல்லை. நீ கிளப்பிக் கொடுப்பாய், நான் குட்ஷெட் பக்கத்துக் காலி மைதானத்தில் சுற்றுவேன். ராயபுரத்தில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவரிடம் நீ கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த சீமை வண்டி அது. சாவி கிடையாது, பட்டன் கிடையாது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், எல்லாமே தலைகீழ். பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டர் பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்தி, கைப்பிடியில் இருக்கிற குட்டி லீவரைப் பின்னுக்குத் தள்ளி, கிக்கரை மெதுவாக மிதித்து அந்த இறுக்கம் தாண்டுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அப்புறம்தான் உதைக்க வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்க நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! லீவரைத் தள்ள மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி அடித்து உன் வலது பாதம் வீங்கிப்போனதும், இனிமேல் உதைக்க முடியாவிட்டால் வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னதும், அடுத்த வாரமே நீ ஷூ மாட்டிக்கொண்டு எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று நின்றதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நானும் சேகரும் மாறி மாறி உதைத்துப் பார்த்தோம். கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் யூசுப் மாமுவைக் கூப்பிட்டேன். உன் தோஸ்துதான், வண்ணாரப்பேட்டையில் பட்டறை வைத்து நீ வண்டி வாங்கிய காலத்திலிருந்து அதற்குக் கை வைத்தவர்தான். ஆனாலும் நைனா, பழைய வண்டி விஷயத்தில் யாரை நம்புவது? ஒரிஜினல் சாமானைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டால் எனக்கு என்ன தெரியும்? அதனால் அவர் வருவதற்கு முன் கார்புரேட்டர், தீப்பொறி கொடுக்கிற மேக்னட்டோ, விளக்கு என்று எல்லாவற்றின் அடியிலும் என் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். யார்டில் நாங்கள் செய்கிற வேலைதான்.

அவர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், டீ போடக்கூட உள்ளே போகவில்லை. மேக்னட்டோவைத் திருப்பியபோது பொட்டைப் பார்த்துவிட்டார். கார்புரேட்டரைத் திருப்பினார், அங்கேயும் ஒரு பொட்டு. கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனுஷர் என்னைத் திட்டவில்லை. கிக்கருக்குப் பக்கத்தில் பளபளப்பான மூடியில் ஒரு இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னிய இம்மாம் நோட்டம் வுட்டியே பாப்பா, இத்த நோட்டம் வுட்டியா?"

மெல்லிய கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, வளைவு வளைவாக, ஒரு கை அகலத்துக்கு. ஸ்பேனர் பட்ட கீறல் இப்படி இருக்காது, செருப்பு பட்டால் கீறலே விழாது. இது வெள்ளிக் கொலுசு என்றார் மாமு. என் வேலை முடிந்தது, இனிமேல் உதைக்கிறவர் பாடு என்று சொல்லிவிட்டு ஸ்டூலை மடக்கினார். திரும்பிப் பார்த்தால் அம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"கொலுசுதான். எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

மாமு போன பிறகு அவள் சொன்னதைக் கேள். பாதம் வீங்கியதற்கு அப்புறம் நீ ஒரு நாள்கூட வண்டியை நம் சந்துக்குள் கிளப்பவில்லை. குழந்தை தூங்குகிறது, சத்தம் கூடாது என்று தினமும் காலையில் சந்து முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவாய். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சரி. அவள் வளர்ந்து, பல் விளக்கிக்கொண்டு வாசலில் நின்று உனக்கு டாட்டா காட்டும்போதும் குழந்தை தூங்குகிறது என்று தள்ளிக்கொண்டு போனாயே, அது என்ன கணக்கு? சில நாள் வியர்த்து விறுவிறுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்து பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பாய். டேங்கைத் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கும் என்று அம்மா சொன்னாள். நான்தான் யார்டில் சந்தேகப்படுகிறவள் என்று நினைத்தேன், அவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் போல.

ஒரு நாள் பால் வாங்குகிற சாக்கில் உன் பின்னாலேயே வந்திருக்கிறாள். முனையில், கிடங்குகளுக்குப் பக்கத்தில், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற ஸ்டெல்லா அக்கா கடை வாசலில் வண்டி நின்றதாம். ஸ்டெல்லாவின் கை உன் வண்டியின் கைப்பிடியில் இருந்ததாம். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்களாம். அம்மா பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். உன்னிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து உன் வண்டியில் உட்காரவும் இல்லை. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்சீட்டைத் துடைத்துவிட்டுக் கூப்பிடுவாய், அவள் தலைவலி என்பாள், நீ காலிச் சீட்டோடு போவாய். அவளுக்கு உண்மையிலேயே தலைவலி என்று நான் தைலம் வாங்கி வந்திருக்கிறேன் நைனா. சந்திலும் உன்னையும் ஸ்டெல்லாவையும் சேர்த்து அரசல்புரசலாகப் பேச்சு இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்தவர் மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. போட்டோவைத் திருப்பி வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும்போதும் அந்தக் கீறல்தான் கண்ணுக்குள் இருந்தது. ஒரு டிரைவர் தன் மனைவியை பைக்கில் கொண்டுவந்து கேட்டில் இறக்கிவிட்டார். அந்தம்மா நம் பெண்கள் எல்லோரும் உட்காருவது போலத்தான், இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கேயே எனக்குத் தூக்கிப்போட்டது. புடவை கட்டியவள் பின்சீட்டில் உட்கார்ந்தால் கொலுசு இடது பக்கம்தானே உரசும்? நம் வண்டியில் கீறல் வலது பக்கத்தில் அல்லவா இருக்கிறது?

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பீரோவிலிருந்து என் கல்யாணக் கொலுசை எடுத்து மாட்டிக்கொண்டு உதைத்தேன். வண்டி கிளம்பவில்லை. ஆனால் கொலுசு பட்ட இடத்தைக் குனிந்து பார்த்தேன். பழைய கீறல்களுக்கு நடுவே புதிதாக ஒன்று, அதே வளைவு. உன் வண்டியில் யாரும் உட்காரவில்லை. யாரோ உதைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் சந்தேகம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். எதற்காக ஒருத்தி உன் வண்டியை உதைக்க வேண்டும்? நேராக ஸ்டெல்லா அக்கா கடைக்குப் போனேன். அம்மா வயசுதான் இருக்கும். கால் மெஷினில் உட்கார்ந்து தார்ப்பாயை மலை மாதிரி மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் தடித்த வெள்ளிக் கொலுசு. நான் யாரென்று சொன்னதும் மெஷின் நின்றது. என்னைவிட அவர்கள் கண்ணில்தான் அதிகச் சந்தேகம். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்போல, கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார்கள். என் நைனாவின் வண்டியை நீங்கள் உதைத்தீர்களா என்று கேட்டேன்.

"உங்க நைனாவாண்ட யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். அவரு இல்லன்றதுக்காக அத்த மாத்திக்க முடியாதும்மா" என்றார்கள்.

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அப்போதுதான் நான் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி போகிறது என்றும் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா அப்டியா நெனச்சிகினு கீறாங்கோ?" என்று கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயை அப்படியே கீழே தள்ளிவிட்டு எழுந்தார்கள்.

நம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். கொட்டகைக்குள் போய், தகரக் கதவைச் சாத்தச் சொன்னார்கள். தெருவுக்குத் தெரியக் கூடாது என்று அண்ணாத்த சொல்லியிருக்கிறார் என்றார்கள், உன்னைத்தான். அம்மா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஸ்டெல்லா அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்ரோலைத் திறந்தார்கள். பொத்தானை அழுத்தினார்கள். லீவரைத் தள்ளினார்கள், நானும் சேகரும் தள்ளியதைப் போல முழுசாக இல்லை, பாதி. கிக்கரை மெதுவாக மிதித்துப் பார்த்துக்கொண்டு, மெஷின் மிதிக்கிற அதே நிதானத்தில் கடைசிவரை ஒரு உதை.

கிளம்பிவிட்டது நைனா. ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த உன் வண்டி கொட்டகைத் தகரமெல்லாம் அதிர டம டமவென்று கிளம்பிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. ஸ்டெல்லா அக்கா அவள் பக்கம் திரும்பினார்கள்.

"இதுக்குத்தாங்கா தெனமும் வந்துகினு இருந்தாரு. சக்கரை வியாதில அவருக்குக் கால்ல ஒணர்ச்சியே பூட்ச்சு, உதைக்க முடியல. உங்களாண்ட சொன்னா வண்டிய வித்துடுவீங்கன்னு பயம். ஆம்பளைங்களாண்ட சொன்னா டீக்கடைல சிரிப்பாங்கன்னு என்னாண்ட வந்தாரு."

அம்மா அப்போதும் விடவில்லை. சும்மாவா தினமும் உதைத்தாய், உனக்கு அவர் என்ன செய்தார் என்று கேட்டாள். ஸ்டெல்லா அக்கா ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார்கள்.

"ஒண்ணியும் கேக்கலக்கா. ஒரே ஒரு வாட்டி, தெனமும் உதைக்கிறேனே, பின்னால குந்தி ஒரு ரவுண்டு வரட்டான்னு கேட்டேன். அது எங்க வூட்டுக்காரி சீட்டு, அவ ஒரு நாள் வருவான்னாரு."

அம்மா ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்தாள். அப்புறம் முந்தானையால் அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். எனக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் நைனா. அவள் ஏன் வரவில்லை என்று நீ ஒரு தரமாவது கேட்டிருக்கக் கூடாதா? அவள் ஏன் நீ போகிற இடத்தைக் கேட்கவில்லை? வண்டியை விற்றுவிடுவோம் என்று நீ எங்களைச் சந்தேகப்பட்டாய், அவள் உன்னைச் சந்தேகப்பட்டாள், நான் யூசுப் மாமுவைச் சந்தேகப்பட்டேன். ஒரே வீட்டில் சோறு தின்றுவிட்டு என்ன பிழைப்பு இது?

என்ஜின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா பின்சீட்டில் ஏறி, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். "நின்னுகினே இருந்தா இன்னா அர்த்தம்? எடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். தகரக் கதவைத் திறந்துகொண்டு நாங்கள் போனோம். ஹைரோட்டில் வரிசையாக நின்ற டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே, கியருக்குப் பதில் பிரேக்கை மிதித்துத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு, காசிமேடுவரை போய்க் கடலைப் பார்த்தோம். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. நான் உதைத்தேன், உதைத்தேன், ம்ஹூம். வேறு வழியில்லாமல் இருவரும் தள்ளிக்கொண்டே வந்தோம். நம் முனை டீக்கடையில் உன் பழைய கூட்டாளிகள் எட்டிப் பார்த்தார்கள். என்ன தேவி, நைனா வண்டி மக்கர் பண்ணுகிறதா என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்.

"பெட்ரோல் தீந்துட்ச்சுப்பா."

கொட்டகைக்குள் வண்டியை நிறுத்திவிட்டு டேங்கைத் தட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. அப்போதுதான் அம்மா உட்கார்ந்து அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு, நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அண்ணாநகர்காரரை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லி சேகரிடம் போனைக் கொடுத்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். உன் மானத்துக்காக அந்தப் பெண் பேர் இத்தனை நாள் சந்து வாயில் மெல்லப்பட்டது போதும், நடந்ததை எழுதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போடு என்றாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் மீசையைவிட ஸ்டெல்லா அக்காவின் பேர் பெரிது, இதில் உனக்குக் கோபமிருந்தால் கனவில் வந்து சண்டை போடு. யூசுப் மாமுவும் இதைப் படிப்பார். மாமு, சிவப்புப் பொட்டை எல்லாம் அசிட்டோன் வைத்து அழித்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

அப்புறம் நைனா, உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். எனக்கு அந்தப் பாதி லீவர் கைக்கு வரும்வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டியைத் தார்ப்பாய்க் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவோம், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க. ஸ்டெல்லா அக்கா உதைப்பார்கள். அம்மா தன் சீட்டில் உட்காருவாள். ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒரு ரவுண்டு உண்டு, அதை அம்மாவே சொல்லிவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் பெட்ரோல் தீர்ந்தால் மட்டும்தான் பெட்ரோல் தீர்ந்தது என்று சொல்லுவோம்.

உன் வண்டியும் உன் சந்தேகப் புத்தியும் சேர்ந்தே வாய்த்த
உன் மூத்த மகள்,
தேவி
தண்டையார்பேட்டை